அலமாரி விளிம்புக்குத் திருகாணி எதற்கு?

உங்கள் வீட்டிலோ பள்ளி நூலகத்திலோ ஒட்டுப்பலகையால் செய்த அலமாரி இருந்தால், அதன் தட்டுகளின் முன்விளிம்பைச் சற்று உற்றுப் பாருங்கள். பலகையின் அடுக்குகள் வெளியே தெரியாதபடி, நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். தச்சர்கள் இதைப் 'பீடிங்' என்பார்கள். இந்தச் சட்டத்தைத் திருகாணியால் முடுக்குவதா, பசையால் ஒட்டுவதா? "திருகாணி போட்டால்தான் உறுதி. பசையெல்லாம் காகிதத்துக்குத்தான்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த இடத்தில் பசையே மேல் என்பது என் கட்சி.

முதலில் திருகாணி எங்கே போய்ப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒட்டுப்பலகையின் விளிம்பில் நுழையும் திருகாணி, அடுக்குகளுக்கு நடுவே ஆப்பு போலப் புகுந்து அவற்றை விலக்கப் பார்க்கும். அங்கே மரை நன்றாகப் பற்றாது. மெல்லிய சட்டமாக இருந்தால் அதுவும் பிளக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு, திருகாணியின் தலையை மறைக்க மக்கு வைத்துத் தேய்க்க வேண்டும்!

பசையோ விளிம்பு முழுவதையும் பிடிக்கிறது. 90 செ.மீ. நீளமும் 1.8 செ.மீ. கனமும் உள்ள தட்டில் ஒட்டும் பரப்பு 162 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 20 கிலோ எடையின் இழுப்பைத்தான் தாங்கும் என்று மிகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,240 கிலோ ஆகிறது. புத்தக அலமாரிக்கு இது தேவைக்கு மிக அதிகம். மரத்தின் இழை நெடுகச் சரியாக ஒட்டிய இணைப்பை உடைத்தால், பெரும்பாலும் பசை விடுவதற்கு முன் மரமே கிழியும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து ஒரே அளவில் இருபது பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். பத்தை அடுக்கி இரு முனைகளிலும் நூலால் கட்டுங்கள். மற்ற பத்துக்கும் முழுக்கப் பசை தடவி, பாரம் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். இரண்டையும் தனித்தனியே இரு புத்தகங்களுக்கு நடுவே பாலம் போல வைத்து, நடுவில் ஒவ்வொரு நாணயமாக ஏற்றுங்கள். நூலால் கட்டியது சீக்கிரமே தொய்ந்துவிடும். ஒட்டியது விறைப்பாக நிற்கும்.

காரணம் வழுக்கல்தான். நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்களின் ஓரம் சாய்வாகிறதல்லவா? தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதே அதற்குக் காரணம். நகர விடாமல் பிடித்துவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டையாக வேலை செய்யும்.

அலமாரியிலும் இதே கதைதான். 300 மி.மீ. அகலமும் 18 மி.மீ. கனமும் உள்ள தட்டின் முன்னால், 18 மி.மீ. கனமும் 36 மி.மீ. உயரமும் உள்ள சட்டத்தை, மேல்விளிம்புகள் சமமாக இருக்கும்படி பொருத்துவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே மரம் என்று வைத்துக் கணக்கிட்டால், வழுக்க இடமிருக்கும்போது தட்டின் விறைப்பு சுமார் 1.5 மடங்காகிறது. வழுக்காதபடி ஒட்டினால் சுமார் 1.8 மடங்கு! திருகாணி சில புள்ளிகளில்தான் பிடிக்கிறது. நாளடைவில் துளை கொஞ்சம் தளர்ந்தாலும் வழுக்கலுக்கு வழி கிடைத்துவிடும்.

மரத்தைப் பசையால் ஒட்டி விமானமே பறந்திருக்கிறது. 1940-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த 'மாஸ்கிட்டோ' போர் விமானத்தின் உடலும் இறக்கைகளும் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. ஆனால் 1944-இல் இந்தியாவில் இருந்த அவ்வகை விமானங்கள் சிலவற்றில் ஒட்டு விட்டுப்போய் விபத்துகள் நேர்ந்தன. ஆராய்ந்தபோது, ஒட்டும் வேலை சரிவரச் செய்யப்படாதது தெரியவந்தது. பசையை நம்பலாம், அவசரக் கையை நம்ப முடியாது. பசையின் மூலக்கூறுகள் மரத்தை மிக நெருங்கினால்தான் ஈர்ப்பு விசை வேலை செய்யும். அதனால்தான் தூசியும் எண்ணெயும் இல்லாத, புதிதாக இழைத்த பரப்பு வேண்டும், அழுத்தமும் வேண்டும்.

பசைக்கும் எல்லை உண்டு. கடையில் டப்பாவில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பசை, நீரில் கலந்த பாலிவினைல் அசிட்டேட் துகள்கள்தாம். நீர் மரத்துக்குள் போனதும் துகள்கள் ஒன்றுசேர்ந்து படலமாகின்றன. அந்தப் படலம் மீண்டும் நனைந்தால் இளகும். ஆகவே குளியலறைக்கும் மழை படும் இடத்துக்கும் இது ஆகாது.

இன்னோர் இடத்தில் நானே திருகாணிப் பக்கம் சாய்வேன். தட்டு ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரப்பலகையாக இருந்து, அதன் குறுகிய முனையில் குறுக்காகச் சட்டம் வைக்க வேண்டுமென்றால், முழு நீளமும் ஒட்டாதீர்கள். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, அறுத்த விதத்தைப் பொறுத்து அகலத்தில் 2.5 முதல் 5.8 சதவீதம் வரை சுருங்கும். உலர்ந்த பலகை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே 1 சதவீதம் மாறினாலும், 300 மி.மீ. பலகையில் 3 மி.மீ. ஆகிவிடும். சட்டமோ அசையாது. பலகை வெடிக்கும் அல்லது ஒட்டு விடும். அங்கே நடுவில் மட்டும் பசை தடவி, ஓரங்களில் நீள்வட்டத் துளையிட்டுத் திருகாணி போடுவதே முறை.

"திருகாணியைக் கழற்றலாம், பசையைக் கழற்ற முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். சட்டம் சேதமானால் உளியால் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்காக நல்ல தட்டில் இன்றைக்கே துளையிட எனக்கு மனம் வரவில்லை.

தச்சர் உங்கள் வீட்டில் வேலை செய்யும்போது கூடவே இருந்து பாருங்கள். ஒட்டுப்பலகையின் விளிம்பு பசையை உறிஞ்சும். ஆகையால் முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, சற்றுப் பொறுத்து இரண்டாவது பூச்சு. பிறகு சட்டத்தை வைத்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். ஓரத்தில் பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு, ஓர் இரவு முழுவதும் தொடாமல் விட வேண்டும்.