கோடா, ஓட்டா?

அதிக ஓட்டுப் பெற்ற கட்சி வாயிலில் நிற்கிறது; குறைந்த ஓட்டுப் பெற்ற கட்சி கொலுவீற்றிருக்கிறது! இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது தோழர்களே! உலகுக்கெல்லாம் ஜனநாயகம் போதிக்கும் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்தது.

2018 நவம்பரில் அங்கே தேர்தல். கவர்னர் என்றதும் டில்லி அனுப்பி வைப்பவரை எண்ணிவிட வேண்டாம். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டில் வருபவர், மாநில ஆட்சியின் தலைவர். குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கரை, ஆசிரியராக இருந்து வந்த ஜனநாயகக் கட்சியின் டோனி எவர்ஸ் 29 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் வீழ்த்தினார். அதே நாளில் அதே மக்கள் சட்டசபைக்கும் ஓட்டளித்தனர். ஜனநாயகக் கட்சிக்கு நூற்றுக்கு 53. இடங்களோ 99-ல் 36! போட்டியே இல்லாத தொகுதிகள் அந்த 53-ஐ ஓரளவு உயர்த்திக் காட்டின என்பது மெய். ஆனால் 2012-லும் இதே கதைதான்: பாதிக்கு மேல் ஓட்டு இவர்களுக்கு, 60 இடம் அவர்களுக்கு!

மாயமா, மந்திரமா? இரண்டுமில்லை, கோடு! தொகுதி எல்லைக் கோடு! 2011-ல் ஆட்சியிலிருந்த குடியரசுக் கட்சியினர், சட்டசபைக்கு எதிரேயுள்ள ஒரு வக்கீல் அலுவலகத்தில், ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தக் கோட்டைக் கிழித்தனர். எதிரியின் ஓட்டைச் சில தொகுதிகளில் குவித்துவிடு. மிச்சத்தை மற்றவற்றில் சிதறடித்துவிடு. 80 விழுக்காட்டில் வென்றாலும் கிடைப்பது ஓரிடம். ஐந்து இடங்களில் 45 விழுக்காடு பெற்றுத் தோற்றால் ஐந்தும் போயிற்று!

இதனால் பாட்டாளிக்கு என்ன என்கிறீர்களா? நகராட்சி ஊழியருக்குக் கூட்டுப் பேர உரிமையை 1959-லேயே முதன்முதலாகச் சட்டமாக்கிய மாநிலம் அது. அதே மாநிலத்தில், கோடு கிழித்த அதே 2011-ல், அரசு ஊழியரில் பெரும்பாலோரின் அந்த உரிமையை வாக்கர் ஆட்சி பறித்தது. அடிப்படைச் சம்பளம் தவிர வேறெதையும் சங்கம் பேசக்கூடாது என்றது. பல்லாயிரவர் தலைநகர் மாடிசனில் திரண்டனர். சட்டம் நிறைவேறியது. அதை நிறைவேற்றிய கட்சியைச் சட்டசபையில் ஓட்டால் அசைக்க முடியாதபடி கோடு காவல் நின்றது.

நீதி கேட்டு அமெரிக்க உச்சநீதிமன்றம் போனார்கள். கட்சி லாபத்துக்காகக் கோடு கிழிப்பதை விசாரிப்பது மத்திய நீதிமன்றங்களின் வேலையல்ல என்று 2019-ல் அது கதவைச் சாத்திற்று. மக்கள் சோர்ந்துவிடவில்லை. அங்கே மாநில உச்சநீதிமன்ற நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு தொகுதிக்கல்ல, மாநிலம் முழுமைக்கும் ஓட்டு. அங்கே கோடு இல்லை! 2023 ஏப்ரலில் ஜேனட் புரோட்டசேவிச் வென்றார். அவ்வாண்டு டிசம்பரில், தொகுதிகள் ஒட்டிக் கிடக்கவில்லை, துண்டு துண்டாகக் கிடக்கின்றன என்று 4-க்கு 3 என்ற தீர்ப்பில் பழைய படம் கிழிந்தது. 2024 பிப்ரவரியில் புதுப் படத்துக்கு எவர்ஸ் கையெழுத்திட்டார். அந்த நவம்பரில் சட்டசபை 54-க்கு 45. பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கே; ஆயினும் ஓட்டுக்கும் இடத்துக்கும் உறவு திரும்பிற்று.

கோடு போனதும் கோடி வந்தது! 2025 ஏப்ரலில் இன்னொரு நீதிபதித் தேர்தல். உலகின் முதல் பணக்காரர் எலான் மஸ்க்கும் அவர் சார்ந்த அமைப்புகளும் 2 கோடி டாலருக்கு மேல் கொட்டினர். மேடையில் 10 லட்சம் டாலர் காசோலை தந்தார் மஸ்க். ஆயினும் அவர் எதிர்த்த சூசன் கிராஃபோர்டு ஏறத்தாழ பத்து விழுக்காடு வித்தியாசத்தில் வென்றார்.

ஓட்டுச் சீட்டு கூர்வாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாளை மழுங்கடிக்கத் தேர்தலுக்கு முன்பே ஓரறையில் ஒரு பென்சில் போதும். அதை மீண்டும் தீட்ட விஸ்கான்சின் மக்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. ஓட்டு எத்தனை என்று எண்ணுவோர், கோடு கிழித்தது யார் என்றும் கேட்கட்டும்!