192 என்ற மயக்கம்

சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்ற எண், கூடக் கூட ஒலியின் தரமும் கூடும் என்பது ஒலிப்பதிவு செய்பவர்களிடம் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. 48 கிலோஹெர்ட்ஸைவிட 96 மேல், 96-ஐவிட 192 மேல். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியை வாங்கிய கையோடு பலர் அந்த எண்ணை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். இது வெறும் வீண்வேலை என்றால் விட்டுவிடலாம். பதிவைக் கெடுக்கிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. ஏற்றிய எண்ணுக்கு நாம் கொடுக்கும் விலை சேனல்கள்.

கடையில் ‘18 இன்புட்’ என்று விற்கும் பெட்டியில் மைக் செருகும் இடம் பெரும்பாலும் எட்டுதான். எஸ்/பிடிஃப் என்ற டிஜிட்டல் துளை வழியாக இரண்டு. மீதி எட்டும் அடாட் என்ற ஆப்டிகல் துளை வழியாக, தனியாக வாங்கிய ப்ரீஆம்ப் பெட்டியிலிருந்து வர வேண்டியவை. அலெசிஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் தன் எட்டு டிராக் டேப் ரெக்கார்டருக்காக வகுத்த இணைப்பு அது. 48 கிலோஹெர்ட்ஸில் விநாடிக்கு 48,000 கட்டுகள், கட்டுக்கு 256 பிட். எட்டு சேனலுக்கு 24 பிட் வீதம் 192 பிட் போனால், மிச்சம் ஒத்திசைவுக்கும் வேறு குறிகளுக்கும். ஆக விநாடிக்குச் சுமார் 1.23 கோடி பிட். இணைப்பின் வேகம் அவ்வளவுதான். 96-க்கு மாற்றியதும், எஸ்/மக்ஸ் என்ற முறைப்படி ஒரு சேனலின் சாம்பிள்கள் பிரிந்து இரண்டு சேனலின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. எட்டு நான்காகிறது. 192-ல் இரண்டு. பல பெட்டிகளில் 192-ல் அந்தத் துளை வேலையே செய்யாது.

இதற்குப் பலர் யூஎஸ்பி-யைக் குறை சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: 18 சேனல், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் சேர்ந்தாலும் விநாடிக்கு 8.3 கோடி பிட்தான். யூஎஸ்பி 2.0-வின் வேகம் 48 கோடி. அடைப்பு பெரும்பாலும் ஆப்டிகல் இணைப்பிலும், பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் திறனிலும் இருக்கிறது. பெரிய ஸ்டூடியோக்களில் பல சேனல்களைக் கொண்டுபோகும் மாடி (MADI) என்ற இணைப்பும் இதிலிருந்து தப்பவில்லை: 48-ல் 64 சேனல், 96-ல் 32, 192-ல் 16.

இத்தனையையும் கொடுத்து வாங்குவது என்ன? சாம்பிள்களைப் படிக்கட்டு போல வரைந்து, படிகள் நெருங்கினால் ஒலி வழவழப்பாகும் என்று காட்டும் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படம் பொய். நைக்விஸ்ட் 1928-ல் அடித்தளம் போட்டு, ஷானன் 1949-ல் நிறுவியது இது: ஓர் ஒலியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுத்தால், அந்த எல்லைக்குள் அடங்கி அந்தப் புள்ளிகளின் வழியே போகக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான். புள்ளிகளுக்கு நடுவே எதுவும் தொலைவதில்லை. மனிதக் காது எட்டுவது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு 24 வரை தாங்கும். நம் மேடைகளில் எங்கும் காணும் ஷூர் எஸ்எம்58 மைக்குக்கு அதைச் செய்தவர்களே போட்டிருக்கும் எல்லை 15,000 ஹெர்ட்ஸ். அந்த மைக்கை 192-ல் பதிவு செய்பவர் 96,000 ஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்கிவைத்து அதில் எதைப் பிடிக்கிறார்?

ரேட் உயர்ந்தால் ஃபில்டர் மென்மையாக வெட்டினால் போதும் என்ற வாதம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. 1980-களின் கருவிகளில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக வெட்டும் அனலாக் ஃபில்டர்கள் ஒலியைப் பாதித்தன. இன்றைய கன்வெர்ட்டர்கள் உள்ளே மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சாம்பிள் எடுத்து, டிஜிட்டல் முறையில் வடிகட்டி, பிறகுதான் 48-க்கு இறக்குகின்றன. வாதம் மட்டும் இன்னும் அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

காதுகளையே கேட்டும் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர் ரக டிஸ்க்கின் ஒலி நேராக வருகிறதா, சிடி தரத்துக்கு இறக்கப்பட்டு வருகிறதா என்று கேட்பவர்கள் சொல்ல வேண்டும். 554 முறையில் 276 முறை சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் அவ்வளவு வரும். எதிர்த் தரப்பின் வலுவான சான்று 2016-ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துச் செய்தது. அதில் மொத்தமாகச் சரியாகச் சொன்னது 52.3 சதவீதம்; பயிற்சி பெற்றவர்கள் அதைவிட மேலாகச் செய்தார்கள். ஒரு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மெல்லிய வேறுபாட்டுக்காக ஒரு வாத்தியத்தின் மைக்கையே எடுத்துவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

பரதநாட்டிய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர், நட்டுவனாரின் குரல், தாளம், வயலின், குழல், வீணை, தம்புரா என்று ஏழு. மிருதங்கத்துக்கு வலந்தலையில் ஒன்று, தொப்பியில் ஒன்று. சலங்கைக்கு மேடைத் தரையில் இரண்டு, அரங்கின் ஒலிக்கு இரண்டு. மொத்தம் 13. எட்டு ப்ரீஆம்பும் ஓர் அடாட் துளையும் இருந்தால் 48-ல் 16 சேனல். எல்லாம் அடங்கி மூன்று மிஞ்சும். 96-ல் 12 தான், ஒரு மைக் போக வேண்டும். 192-ல் பத்து, அல்லது வெறும் எட்டு. அப்போது முதலில் பறிபோவது தொப்பியும் சலங்கையும்தான். தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் தனியாகப் பதிவாகாமல் போனால் பிறகு மிக்ஸிங்கில் எந்த ப்ளக்-இன்னாலும் அதைக் கொண்டுவர முடியாது. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இல்லாத ஒன்றைத் தேடி, 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் உயிரோடு இருப்பதைக் கைவிடுகிறோம். ஹார்ட் டிஸ்க்கும் சும்மா விடாது: 16 சேனல், மூன்று மணி நேரம், 24 பிட் என்றால் 48-ல் சுமார் 25 ஜிபி, அதே வேலைக்கு 192-ல் சுமார் 100.

உயர்ந்த சாம்பிள் ரேட்டுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. வவ்வால் ஒலியை ஆராய்பவருக்கு 192 கட்டாயம் வேண்டும். ஒரு சத்தத்தை நான்கு மடங்கு மெதுவாக்கிப் படத்துக்கு ஒலி செய்பவருக்கும் வேண்டும், அதற்கேற்ற மைக் இருந்தால். பஃபர் அளவு மாறாமல் ரேட் கூடினால் ஹெட்போனில் கேட்கும் தாமதம் குறையும் என்பதும் உண்மை. இசை நிகழ்ச்சியைப் பதிவு செய்ய இவை எதுவும் காரணமாகாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிட்டு, மைக்கை எங்கே வைப்பது என்பதில் நேரத்தைச் செலவிடலாம்.

விற்பவர்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. அட்டைப்பெட்டியில் ‘18 இன்புட்’ என்பதும் ‘192 கிலோஹெர்ட்ஸ்’ என்பதும் பக்கத்தில் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பது கையேட்டின் உள்பக்க அட்டவணையில் கிடக்கிறது. 48-ல் எத்தனை, 96-ல் எத்தனை, 192-ல் எத்தனை என்று மூன்று எண்களையும் அதே பெரிய எழுத்தில் அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.