சனிக்கிழமைக் கணக்கு

"படிக்கப் போனானா, ஊர் சுத்தப் போனானா?" வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி நம் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படுவது இது. கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் தீர்ப்பு. கொலோன் தேவாலயத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் வைத்தால் போதும். திங்கட்கிழமைக்குள் பெரியப்பா அப்பாவுக்குப் போன் போட்டிருப்பார்: "நீ இங்க வட்டி கட்டிட்டு இருக்க, அவன் அங்க ஜாலியா சுத்திட்டு இருக்கான்." நான் கிளம்பும்போது, "போனது போற, நாலு நாட்டப் பாத்துட்டு வாடா" என்று சொன்னவரும் இவர்தான். பெரியப்பாவை விட்டுவிடலாம், அவர் பாசத்தில் பேசுகிறார். ஆனால் அப்பன் வியர்வையில் ஐரோப்பா பார்க்கும் தலைமுறை என்கிற தொனி படித்தவர்களிடமும், இலக்கியம் பேசுகிறவர்களிடமும் வந்துவிட்டது. என் வழக்கு அவர்களோடு.

முதலில் காசைப் பேசிவிடுவோம். 2023-இல் நான் ஜெர்மனிக்கு விசா கேட்டபோது 'பிளாக்டு அக்கவுண்ட்' எனும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டிய தொகை 11,208 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் பத்து லட்ச ரூபாய். நம் பணம்தான், ஆனால் மாதம் 934 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. அறை வாடகை, 120 யூரோவைத் தாண்டும் கட்டாய மருத்துவக் காப்பீடு, அரிசி, பருப்பு, போன் என்று அது கரைந்துவிடும். சரி, சுத்துகிற செலவு? அரையாண்டுக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் தொகைக்குள்ளேயே ரயில் டிக்கெட்டும் அடக்கம். 2024 கோடைப் பருவத்தில் அது மாதத்துக்கு 29.40 யூரோ. வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஊர் சுத்தினாலும் கட்டணும், ரூமில் படுத்துக் கிடந்தாலும் கட்டணும். அதை வைத்து நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐ.சி.இ. மாதிரி வேக ரயில்களில் ஏற முடியாது. அதனால் மூன்று மணி நேரத்தில் போகிற ஊருக்கு ஆறு மணி நேரம், மூன்று ரயில் மாறி, டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தோடு போவோம். (ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) அந்தக் கொலோன் படத்துக்கு ஆன கூடுதல் செலவு ஒரு காப்பி. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில்கூட, 26 வயதுக்கு உட்பட்டவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவராக இருந்தால் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று பார்ப்பதில்லை, வசிப்பிட அட்டை போதும். பெரியப்பா டூர் பேக்கேஜில் வந்தால் அங்கே டிக்கெட் வாங்கணும்.

படத்தில் வராத ஐந்து நாட்களும் இருக்கின்றன. எட்டேகாலுக்கு வகுப்பு. டிசம்பரில் அந்நேரத்துக்கு இன்னும் விடிந்திருக்காது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வெளியே வந்தால் வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்பதுவரை எல்லாம் ஜெர்மன். வாரம் இரண்டு இரவு பார்சல் கிடங்கில் வேலை. வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம் என்பது 2024 மார்ச் முதல் சட்டம், அதற்கு முன் 120. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. சனிக்கிழமை அரிசி வாங்க மறந்தவனுக்குத் திங்கள்வரை உப்புமா. காலி பிளாஸ்டிக் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். அதற்கென்று ஒரு பை எங்கள் எல்லார் ரூமிலும் தொங்கும். இதையெல்லாம் யாரும் படம் எடுத்து வைப்பதில்லை, வைத்தால் அம்மா அழுவாள். பிறகு, வைத்த படங்களை மட்டும் எண்ணிப் பார்த்து இவன் சுத்திக்கொண்டே இருக்கிறான் என்றால் எப்படி?

ஆனால் 'மலிவாகத்தான் சுத்துகிறோம்' என்பது வெறும் சமாதானம். என் வாதம் அதுவல்ல. சனிக்கிழமைகளும் படிப்புதான் என்கிறேன்.

நான் நெய்வேலிக்காரன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் இரவு வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்தவன். மண்ணை வெட்டும் அந்தப் பிரம்மாண்டமான பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மன் தொழில்நுட்பம் என்பதைப் பள்ளியிலேயே பெருமையாகச் சொல்லித் தந்தார்கள். இங்கே எந்திரவியல் முதுநிலையில் அதன் விசைக் கணக்கைப் போடச் சொல்லித் தருகிறார்கள். அது தோண்டிய குழியின் ஓரத்தில் யார் இருந்தார்கள் என்று இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. அதற்கு ஒரு சனிக்கிழமை வேண்டியிருந்தது. டோர்ட்முண்டிலிருந்து ஆர்.இ.4 ரயிலில் ஏறினால் வுப்பர்டால், டுசெல்டார்ஃப் வழியாக எர்க்கலென்ஸ் போகலாம். அங்கிருந்து கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தின் விளிம்பு பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் பள்ளம், அடியில் பொம்மை மாதிரி நம்ம ஊர் பக்கெட் வீல். லுட்ஸராத் என்ற கிராமம் இருந்த இடம் அது. 2023 ஜனவரியில், அங்கே குடியேறிப் போராடியவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்திய பிறகு கிராமத்தை இடித்தார்கள். பக்கத்தில் கையன்பெர்க் முதலான ஐந்து ஊர்கள் தப்பித்தன. ஆனால் அதற்குள் பெரும்பாலான ஜனங்கள் வேறிடம் போயிருந்தார்கள். நல்ல செங்கல் வீடுகள், மூடிய ஜன்னல்கள், தெருவில் ஆள் இல்லை.

அதே 2023, ஜூலை மாதம். நெய்வேலிக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நிற்கும்போதே வயலில் பொக்லைன் இறங்கியது. அந்த வீடியோவை நான் ஊரில் இருக்கும்போது போனில் பார்த்தேன். நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகளோடு படித்தவன் நான். அப்போது அது எங்கள் ஊர் தலையெழுத்து, நம் அரசாங்கம் இப்படித்தான் என்று தோன்றியது. கையன்பெர்க்கின் காலித் தெருவில் நின்றபோது அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. பணக்கார நாடு, வலுவான நீதிமன்றம், பசுமைக் கட்சி ஆட்சியில் பங்கு. இத்தனையும் இருந்து ஊர் காலியாகியிருக்கிறது. அதே சமயம் 2030-க்குள் இங்கே பழுப்பு நிலக்கரியை நிறுத்துவதாகத் தேதி குறித்திருக்கிறார்கள், அந்தப் பள்ளத்தை ரைன் ஆற்று நீரால் ஏரியாக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு தேதியை யாரும் வாயால்கூடச் சொல்வதில்லை. இந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறவர்களிடம் என்னத்தச் சொல்றது.

இரண்டு வருஷத்தில் பதினான்கு நாடு என்று ஃபிரிட்ஜ் காந்தம் சேர்க்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. ஒரு ஊரில் நான்கு மணி நேரம், நாற்பது படம். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை முடித்துவிட்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பிராக் போகிறவனைப் பார்த்து ஊதாரி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சாம்பார்ப் பொடி வாங்கும் ஈழத்தமிழர் கடையில், அந்த அண்ணனுக்கு இந்த விவாதமே வேடிக்கை. "எங்கட காலத்தில பக்கத்து டவுனுக்குப் போறதெண்டாலும் கந்தோரில கடிதம் எடுக்க வேணும் தம்பி. பிடிச்சா தண்டம். நீங்கள் வடிவாச் சுத்துங்கோ" என்றார். 1982-இல் வந்த சட்டம் அது. அகதித் தஞ்சம் கேட்டவர் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லையை அனுமதி இல்லாமல் தாண்டினால் குற்றம். எண்பதுகளில் இங்கே வந்த தமிழர்கள் பலர் வருஷக்கணக்கில் அந்தக் கோட்டுக்குள் இருந்தார்கள். இன்று ஹம் நகரில் அவர்கள் 2002-இல் கட்டி எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு நாலா பக்கமிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இடம் விட்டு இடம் போவது இந்த நாட்டில் தமிழனுக்கு எப்போதும் கிடைத்திருந்த பொழுதுபோக்கு அல்ல.

வட்டியைப் பற்றித்தான் உண்மையில் கவலை என்றால், அதைக் கேட்க வேறு ஆள் இருக்கிறார். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, அரையாண்டுக்குச் சில நூறு யூரோதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மட்டும் 2017 முதல் வெளிநாட்டு மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 வாங்குகிறது. இது தெரியாத பையனை, வருஷத்துக்குப் பத்தாயிரம் யூரோ அளவுக்கு வாங்கும் தனியார் கல்லூரிகளில் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள் நம் ஊர் ஏஜெண்டுகள். தனியார் கல்லூரி அவர்களுக்குக் கமிஷன் தரும், அரசுப் பல்கலைக்கழகம் தராது. அவ்வளவுதான் விஷயம். என்னோடு விமானம் ஏறிய ஒருவன் அப்படி மாட்டி, வாங்கிய கடனுக்குமேல் கடன் வாங்கி, கிடங்கில் என்னைவிட இரண்டு இரவு அதிகமாக நிற்கிறான். அவன் எந்தப் படமும் போடுவதில்லை, அதனால் அவன் வீட்டில் அவனுக்கு நல்ல பெயர். அவனை அனுப்பிய கடை கடலூரில் இப்போதும் நன்றாக ஓடுகிறது. 'ஜெர்மனியில் படிக்கலாம் வாங்க' என்று வாசலில் பெரிய பலகை, அதில் ஐஃபல் கோபுரத்தின் படம்.