சந்தைக்கு வழி கேட்ட அகதி

 

அண்மையில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் எங்கள் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் இருவர் வாதிட்டுக் கொண்டிருந்தனர். ரோஹிங்யா அகதிகளுக்காக வசூல் செய்யலாமா என்பதே பேச்சு. "ஈமான் கொண்டவர்கள் பசித்திருக்க நாம் வயிறார உண்பது தகுமா?" என்றார் ஒருவர். "எத்தனை ஆண்டுக்குச் சோறு போடுவது? நம் மஹல்லாவில் கரைசேராத குமர்கள் எத்தனை என்று எண்ணிப் பாரும்" என்றார் மற்றவர், வயதில் மூத்தவர். இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். இருவர் பக்கமும் நியாயம் இருந்ததால் உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. அன்று கூறாததை இங்கே எழுதுகிறேன்.

அடைக்கலம் என்பது நமக்குப் புதிய சொல் அன்று. மக்கத்துக் கொடுமை தாளாமல் கி.பி. 615 அளவில் அபிசீனியாவுக்குச் சென்ற முஸ்லிம்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷிகள் பரிசுகளுடன் தூது விட்டனர். நஜ்ஜாஷி மன்னர் அப்போது கிறிஸ்தவர். வந்தவர்களின் வாயால் கேட்காமல் எவரையும் ஒப்படைக்க மாட்டேன் என்று மறுத்தார். ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களின் உரையைக் கேட்டபின் பரிசுகளையே திருப்பிக் கொடுத்துவிட்டார். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை கூறும் விதியும் இதுவே அன்றோ!

அடைக்கலம் தந்த பின் என்ன செய்வது என்பதற்கு மதீனா வேறொரு பாடம். முஹாஜிரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரியான சஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார். அவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தைக்குச் சென்றவர் பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாக ஈட்டித் திரும்பினார். சஅதின் தாராள மனத்தை மிம்பரில் அடிக்கடி புகழ்கிறோம். மதீனாவின் சந்தை அகதிக்குத் திறந்திருந்தது என்பதைச் சொல்ல மறந்து விடுகிறோம்.

இனி வங்காளதேசத்தைப் பாருங்கள். 1982ஆம் ஆண்டின் பர்மியக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யாக்களைப் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கியது. அதற்கு முன்பே 1978இலும், பின்னர் 1991-92இலும் அவர்கள் நாஃப் நதியைக் கடந்து ஓடிவந்து, பின் திருப்பி அனுப்பப்பட்டனர். 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் சில மாதங்களில் வந்தவர்கள் மட்டும் ஏழு இலட்சத்துக்கும் மேல். உக்கியா, டெக்னாஃப் ஆகிய இரு வட்டாரங்களையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளூராரை விட அகதிகள் மிகுந்து விட்டனர். காடு அழிந்தது, யானைகளின் வழித்தடத்தில் குடிசைகள் எழுந்தன, உள்ளூர்க் கூலியாளின் நாட்கூலி சரிந்தது. முதல் வாரங்களில் தம் வீட்டுச் சோற்றைப் பகிர்ந்தவர்களே பின்னர் முகம் சுளித்தனர் என்றால், அவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன்.

டாக்கா அரசின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. நிரந்தர வீடும் வேலையும் கொடுத்துவிட்டால், அவர்களைத் துரத்தியவர்களுக்கு அது வசதியாகிவிடும். திரும்பும் உரிமை மங்கிவிடும் என்பது அவ்வாதம். அகதிகளும் ஊர் திரும்பவே விரும்புகின்றனர். ஆனால் குடியுரிமையுடனும் உயிர்ப் பாதுகாப்புடனும். 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்டிலும் திருப்பி அனுப்ப ஏற்பாடு நடந்தபோது எவரும் முன்வராததன் காரணம் இதுவே.

ஆயினும் இந்த வாதத்தின் விலையை யார் கொடுப்பது? முறைப்படி வேலை செய்ய உரிமையில்லை. வீடுகள் மூங்கிலும் தார்ப்பாயுமாகவே இருக்கவேண்டும். வங்கப் பாடத்திட்டத்தைக் கற்பிக்கத் தடை. பர்மியப் பாடத்திட்டமோ 2021இன் இறுதியில்தான் தொடங்கியது. ஆகவே முழுக் குடும்பமும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழவேண்டியதாயிற்று. அந்தக் கை சுருங்கினால்? 2023இல் நன்கொடை குறைந்தபோது ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படி மார்ச்சில் 10ஆகவும் ஜூனில் 8ஆகவும் வெட்டப்பட்டது. ஒரு நாளைக்கு 27 சென்ட்! மறு ஆண்டில் அது உயர்த்தப்பட்டதென்பது உண்மை. ஆனால் 1978இல் இதைவிடக் கொடியது நடந்தது. பங்கீடு குறைக்கப்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 10,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டதாக அங்கே பணியாற்றிய ஐ.நா. அதிகாரியே எழுதி வைத்தார். சோற்றை மட்டுமே நம்பியிருப்பவனை, அதைக் குறைத்தே விரட்டிவிட முடியும். வேலையற்ற இளைஞர்கள் மலேசியாவை நோக்கி ஓட்டைப் படகேறி அந்தமான் கடலில் மடிவதும் இங்கிருந்துதான்.

வேலை தருவது வேறு, குடியுரிமை தருவது வேறு. தையலோ தச்சோ கற்றவன் ஊர் திரும்பும்போது அத்தொழிலையும் உடன் கொண்டுபோவான். ஆகவே டாக்காவின் அச்சத்தை நான் மதிக்கிறேன். அதன் முடிவை ஏற்க முடியவில்லை. நம் இந்தியாவும் 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடே என்பதை நினைவில் கொண்டு, சற்றுத் தாழ்ந்த குரலிலேயே இதைச் சொல்கிறேன்.

உதவி செய்யும் நாமும் தவறு செய்கிறோம். 2017இல் நானே முன்னின்று தெருத்தெருவாகப் பழந்துணி திரட்டினேன். ஜரிகைச் சேலைகளும் குழந்தைகளின் பெருநாள் சட்டைகளும் மூட்டை மூட்டையாய்க் குவிந்தன. கடல் கடத்தி அனுப்ப வழி தெரியாமல் மதரஸாவின் பின்னறையில் இரண்டு ஆண்டுகள் கிடந்து, எலிக்கு இரையாயின. கொடுத்தவர்கள் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அங்கே 2018இலிருந்து வழங்கப்பட்ட சமையல் எரிவாயு உருளை எவ்வளவோ மேல். விறகுக்காகப் பெண்கள் காட்டுக்குப் போவது குறைந்தது, காடும் பிழைத்தது, உள்ளூராரின் கோபமும் தணிந்தது.

முகாம்களில் மக்தபுகளுக்குக் குறைவில்லை. ஹாபிழ்கள் உருவாகின்றனர், அல்ஹம்துலில்லாஹ். ஓதிக்கொடுப்பதே என் தொழில். ஆயினும் அப்பிள்ளைகளுக்குக் கணக்கும் ஒரு கைத்தொழிலும் வேண்டுமென்றே கேட்பேன்.

சென்னைக்கு அருகில் கேளம்பாக்கத்திலும் சில ரோஹிங்யாக் குடும்பங்கள் தஞ்சம் புகுந்தன. வரும் ரமழான் வசூலை அவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவுக்கென ஒதுக்கலாமே என்று தாழ்வாரத்து நண்பர்களிடம் பின்னர் கூறினேன். முதலாமவர் உடனே ஒப்பினார். மூத்தவர் நெடுநேரம் பேசாதிருந்து, "குமர்களின் பங்கில் கைவைக்காதவரை எனக்கு ஆட்சேபமில்லை" என்றார். கணக்கேட்டை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே எழுதுமாறு பொருளாளரிடம் சொல்லியிருக்கிறோம்.