காசு கொடுக்காதவள் நுகர்வோர் இல்லையாம்



2014 நவம்பர் 8. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் பெண்டாரி என்ற ஊர். பூட்டிக் கிடந்த ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரே நாளில் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. ஒரே டாக்டர். கையில் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாவட்டத்தில் அந்த வாரம் நடந்த முகாம்களுக்குப் போன 13 பெண்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட கூலிப் பெண்கள். சிப்ரோசின் 500 மாத்திரையில் எலி மருந்தில் சேர்க்கும் பொருள் கலந்திருந்ததாக அரசு சொன்னது, மாத்திரையைத் தடை செய்தது. டாக்டரும் மாத்திரையைத்தான் கைகாட்டினார். கத்தியா மாத்திரையா என்று விவாதம் நீண்டது. செத்தவளுக்கு விலை நாலு லட்சம்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுக்கிற நம்ம அக்காவுக்கு இப்படி ஆனால் என்ன வழி? கன்சியூமர் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். தனியாரிடம் காசு கட்டியவர் போகலாம். சொந்த மாவட்ட ஆணையத்திலேயே, 2 வருடத்துக்குள், மருந்துக் கம்பெனி மீதும் போடலாம். ஆனால் 1995ல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரியை இந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. 2019 சட்டமும் இலவச சேவையைச் சேர்க்கவில்லை. காசு கட்டாதவள் நுகர்வோரே இல்லை! டீக்கடைக்கு வெளியே நின்ற சனத்துக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

ஒரு வாதம் பாக்கி இருக்கிறது. அரசு அந்த மாத்திரையைக் கம்பெனியிடம் காசு கொடுத்துத்தானே வாங்கியது? வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர் என்று அதே சட்டம் சொல்கிறது. நம் வக்கீல் தோழர்கள் இதை வாதாடிப் பார்க்க வேண்டும்.

அதுவரை வேறு கதவுகளைத் தட்டலாம். ஹரியானாவில் சந்த்ரா என்ற கூலிப் பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பக்கக் குழாயை மட்டும் கட்டி அனுப்பினார்கள். மறுபடி பிள்ளை பிறந்தது. சிவில் வழக்குப் போட்டார். அரசுதான் பொறுப்பு என்று 2000ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிடைத்தது 54,000 ரூபாயும் வட்டியும். தொகை சின்னது, தீர்ப்பு பெரியது. ரிட் மனு இன்னொரு கதவு. தேவிகா பிஸ்வாஸ் போட்ட மனுவில்தான் 2016ல் கருத்தடை முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னார்கள். நமக்கு மதுரைக் கிளை பக்கம். தலித்துகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987 சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் உரிமையாகவே கேளுங்கள்.

1940ன் மருந்துச் சட்டமும் உண்டு. கலப்பட மருந்தால் சாவோ கொடுங்காயமோ நேர்ந்தால் குறைந்தது பத்து வருடம் ஜெயில், பத்து லட்சம் அபராதம். அந்த அபராதம் பாதிக்கப்பட்டவருக்கே போகவேண்டும். தான் விலைக்கு வாங்கிய சந்தேகமான மருந்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு.

சோதிக்க மருந்து கையில் இருக்கவேண்டுமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம். நான் வேலை பார்க்கும் பேங்கில் பத்து ரூபாய்க்கும் வவுச்சர் நம்பர் உண்டு. ஆஸ்பத்திரியில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை தரும்போது பேட்ச் நம்பர் உள்ள துண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. அந்த நம்பர் இல்லாமல் எந்தக் கம்பெனி மேல் வழக்குப் போடுவது? அட்டையைத் தூக்கிப் போடாதே, டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைக்காதே என்று சேரிக்குச் சேரி சொல்லவேண்டும். நம்பரை ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவேண்டும். ஒத்தையாகப் போகிற பெண்ணை அதட்டுவார்கள். காலேஜ் பிள்ளைகள் ரெண்டு பேர் கூடப் போங்கள், எழுதித் தருவார்கள்.