எந்தத் தீவு என்பது கடைசிக் கேள்வி

உரும்பிராயில் ஒரு வாழைத்தோட்டக் குடும்பத்தோடு எனக்கு நெடுநாள் கொடுக்கல் வாங்கல். 1990க்கு முன் அவர்களுடைய குலைகளை எடுத்துச் சுன்னாகம் சந்தையில் விற்றிருக்கிறேன். தகப்பனார் இப்போது இல்லை. மூத்த மகன் தோட்டத்தைப் பார்க்கிறார். மகள் லண்டனில் ஆசிரியை. இளையவர் டொரொண்டோவில். அண்மையில் ஊருக்கு வந்திருந்த இளையவர் ஒரு கட்டுக் காகிதத்தை என் முன் விரித்தார்.

"நானா, கரீபியன் தீவில ஒரு கிழமை நிக்கலாம். நாங்கள் மூண்டு பேரும் சோடியாப் போய்ச் சந்திக்கப் போறம். எந்தத் தீவை எடுக்கலாம் எண்டு வியாபாரியா யோசிச்சுச் சொல்லுங்கோ."

கரீபியனை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் காகிதத்தைப் படித்ததும், இது சுற்றுலா விடயமல்ல, பண்டமாற்று என்பது விளங்கிவிட்டது.

'டைம்ஷேர்' என்பது ஒரு விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவது. தங்கினாலும் தங்காவிட்டாலும் வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அங்கே போக மனமில்லையென்றால் அந்த வாரத்தை ஒரு மாற்று நிறுவனத்தில் வைப்பிலிட்டு, இன்னொருவர் வைப்பிலிட்ட வாரத்தை எடுக்கலாம். 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ., 1976இல் தொடங்கிய இன்டர்வெல் இன்டர்நெஷனல் ஆகியவை இதில் பெரியவை. இந்தியாவின் கிளப் மஹிந்திரா உறுப்பினர்களும் ஆர்.சி.ஐ. வழியாக வெளிநாட்டு விடுதிகளுக்குப் போயிருக்கிறார்கள். மாற்றுக்கும் தனிக் கட்டணம்.

இனி நம் தொழில் கணக்குக்கு வருவோம். தம்பியின் சரக்கு, கனடாவில் ஓர் ஏரிக்கரை விடுதியில் இரண்டு படுக்கையறை, நவம்பர் மாதம். அந்தக் குளிரில் யார் போவார்கள்? கரீபியனிலோ டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை உச்சக் காலம். நவம்பர் ஏரியைக் கொடுத்து ஜனவரிக் கடலைக் கேட்பது, மொந்தன் குலையைக் கொடுத்துக் கப்பல் குலையைக் கேட்பது போன்றது. சந்தையில் சிரிப்பார்கள். அதோடு, வைப்பிலிட்ட வாரத்துக்குக் காலக்கெடுவும் உண்டு. பழுத்த குலையை எத்தனை நாள் கட்டித் தூக்கி வைக்கலாம்? தம்பியுடையது அடுத்த வருடத்தோடு முடிகிறது.

அவருடைய மனம் சென்ட் தோமஸ் தீவில் இருந்தது. படத்தில் அழகான தீவுதான். நான் கேட்டேன், "தம்பி, அண்ணரிட்ட என்ன பாஸ்போர்ட்?" அவர் யோசிக்கவேயில்லை. சென்ட் தோமஸ் அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி, ஆகவே அமெரிக்க விசா வேண்டும். வேறு தீவுக்குப் போக அமெரிக்காவில் விமானம் மாறினாலும் விசா இல்லாமல் முடியாது. ஐரோப்பா வழியும் லேசில்லை. ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இடைவழி விசா எடுக்க வேண்டும். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியான விசா கையிலிருந்தால் மட்டும் விலக்கு. எனவே அண்ணர் முதலில் கனடா விசா எடுத்து, டொரொண்டோ போய், தம்பியோடு நேர் விமானம் ஏறுவதே எனக்குச் சரியாகப் பட்டது.

அடுத்தது மாதம். ஆசிரியைக்கு ஓகஸ்ட்தான் ஓய்வு. அது சூறாவளிக் காலம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை அது நீடிக்கும். 2017 செப்டெம்பரில் 'இர்மா' சென்ட் மார்ட்டினையும் சென்ட் தோமஸையும் அடித்து நொறுக்கியது. தெற்கே தள்ளியிருக்கிறது, பயமில்லை என்று நம்பப்பட்ட கிரெனடாவை 2004இல் 'ஐவன்' சிதைத்தது. 2024 ஜூலை முதலாம் திகதியே 'பெரில்' அதே நாட்டின் கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியது. வெனிசுவேலாக் கரையோரமாக இருக்கும் அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் பெரும்பாலும் இந்தப் பாதைக்கு வெளியே. ஓகஸ்டில் அங்கே கேள்வி குறைவு, ஆகவே மொந்தனும் விலை போகும். அரூபாவில் டைம்ஷேர் விடுதிகளும் நிறைய இருப்பதால் மாற்று அமைய வாய்ப்பு அதிகம். நம் நெடுந்தீவைப் போலக் காற்றும் வறட்சியுமான மண். கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள்.

என் சொந்த ஆசை பார்படோஸ். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வங்கத்திலிருந்தும் சூரத் பக்கமிருந்தும் போன முஸ்லிம் வியாபாரிகள், வீடு வீடாகத் துணியைக் கடனுக்கு விற்று, பிறகு கடை வைத்து நிமிர்ந்த ஊர் அது. அந்தக் கடைத்தெருவில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். ஆனால் அங்கே டைம்ஷேர் விடுதிகள் குறைவு. என் ஆசைக்குத் தம்பியின் வாரத்தை வீணாக்கலாமா?

சாப்பாட்டு விடயத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டொமினிக்கன் குடியரசு போன்ற இடங்களில் சில விடுதிகள், மாற்றில் வருபவரிடமும் 'எல்லாம் அடங்கிய' கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவென்று கட்டாயமாக வாங்குகின்றன. நாம் தொடாத மதுவுக்கும், நமக்கு ஆகாத இறைச்சிக்கும் சேர்த்துப் பணம் கட்டுவானேன்? சமையலறை உள்ள தொகுதியாகப் பார்த்து எடுத்தால் மீனை வாங்கி நாமே சமைக்கலாம். தம்பி குடும்பம் சைவம். அவர்களுக்கும் இதுதான் வசதி.

இன்னொன்றையும் தம்பியிடம் மறைக்கவில்லை. இலவச விருந்துக்கு அழைத்து, அன்றே கையெழுத்து வாங்கும் இந்தச் சரக்கை முதலீடு என்று எண்ணி வாங்கியது பிழை. வட அமெரிக்காவில் பராமரிப்புக் கட்டணம் தாங்காமல் சும்மா கொடுக்கிறேன் என்பவர்களே இருக்கிறார்கள். விற்க முடியாத சரக்குக்கு வருடாவருடம் வாடகை கட்டும் கடைக்காரர் நம்மில் யார்? கொழும்பிலோ சென்னையிலோ டுபாயிலோ அப்படியொரு விருந்துக்கு அழைப்பு வந்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அரூபா, கிடைக்காவிட்டால் குராசாவ், ஓகஸ்ட், இரண்டு படுக்கையறை என்று தம்பி கேள்வி போட்டிருக்கிறார். இரண்டும் நெதர்லாந்து இராச்சியத்துக்குள் அடங்கியவை. ஆகவே அண்ணருக்குத் தனி விசா வேண்டுமா என்று அந்தத் தூதரகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னேன். கனடா விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படும் வரை விமானச் சீட்டு வாங்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அண்ணர் விசாப் படம் எடுக்க நேற்று யாழ்ப்பாணம் போனார். அன்றைக்குக் குலை வெட்ட ஆளில்லை என்று அண்ணியார் குறைப்பட்டார்.