எதிரணியும் நம் சொத்துதான்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் 'பாடு' என்றொரு ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பரப்பில் யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானிக்கும் பழைய வழக்கம் அது. ஒரே இறாலுக்குப் போட்டியிடும் குப்பத்தார் கூடி உட்கார்ந்து, யாருக்கு எப்போது என்று பேசி முடிக்கிறார்கள். அதனால் போட்டி ஒழிந்துவிடுவதில்லை. ஒரு நாட்காட்டிக்குள் வந்து அடங்குகிறது.

சில மாதங்களுக்கு முன் அந்தக் கரையில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, இதே வழக்கத்தின் இன்னொரு வடிவத்தைக் கண்டேன். அடுத்தடுத்த இரண்டு குப்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் கிரிக்கெட் போட்டி ஒன்றுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். "போன வருஷம் கப்பை நீங்க தூக்கிட்டுப் போனீங்க, இந்த வருஷம் கிரவுண்டு எங்களுது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்துக்கொண்டே ஒரு வசவைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் நாள் குறிக்கும்போது இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். எந்த ஊர்க் கோயில் திருவிழாவோடும் மோதக் கூடாது. எவருடைய தொழில் முறையும் கெடக் கூடாது. அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்குப் படகு வேண்டும். மதியச் சோறு யார் பொறுப்பு என்பதும் முடிவாக வேண்டும்.

பேச்சு வளர்ந்தபோது, சென்னையின் பெயரைத் தாங்கிய அணி ஒன்று 2025-இல் ரக்பியில் கோப்பை வென்றதை அவர்களிடம் சொன்னேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "எங்க சார் நடந்துச்சு?" என்று ஓர் இளைஞர் கேட்டார். மும்பையில் என்றேன். "எல்லா ஆட்டமுமா?" ஆம் என்றேன். "அப்ப அது எப்படி சார் சென்னை டீம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடி விடை இல்லை. பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அது மிகச் சரியான கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

நடந்தது இதுதான். ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் பருவம் 2025 ஜூன் 15 முதல் 29 வரை மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் நடைபெற்றது. நாட்டின் ரக்பி நிர்வாக அமைப்பும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்திய இந்த எழுவர் ரக்பிப் போட்டியில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, தில்லி, கலிங்கம் ஆகிய பெயர்களில் ஆறு அணிகள் ஆடின. வெளிநாட்டு நட்சத்திரங்களும் வந்தார்கள். இறுதியாட்டத்தில் சென்னை புல்ஸ் அணி தில்லி ரெட்ஸ் அணியை 41-0 என்ற கணக்கில் வீழ்த்தியது. முதல் பருவத்திலேயே சாம்பியன். ஆனால் அந்தப் பருவத்தின் ஒரு ஆட்டம்கூடச் சென்னையில் நடக்கவில்லை.

புதிய விளையாட்டு, சிறிய சந்தை. ஒரே அரங்கில் நடத்தினால் பயணச் செலவும் ஒளிபரப்புச் செலவும் குறையும். தொடக்க ஆண்டுக்கு இது நியாயமான கணக்கே. அமைப்பாளர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சொத்து விடுபட்டுப் போகிறது. அதன் பெயர் 'போட்டியுணர்வு'. பங்குச் சந்தையில் அதற்கு விலை கிடையாது; எந்த அணியின் இருப்புநிலைக் குறிப்பிலும் அது இடம்பெறாது. இருந்தும் விளையாட்டுத் தொழில் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

வால்டர் நீல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1964-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை எளிமையாக விளக்கினார். ஒரு சோப்பு நிறுவனத்தின் போட்டியாளர் கடையை மூடினால், அந்த நிறுவனத்துக்கு லாபம். விளையாட்டில் அப்படி இல்லை. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்கு மாக்ஸ் ஷ்மெலிங் போன்ற வலுவான எதிராளி இருந்தால்தான் கூட்டம் வரும், வருமானம் வரும். எதிராளியே இல்லாத சாம்பியனிடம் விற்பதற்கு எதுவுமில்லை. ஓர் ஆட்டம் என்பது இரண்டு அணிகளும் சேர்ந்து உற்பத்தி செய்யும் பொருள்; தனியாக எவராலும் அதைச் செய்ய இயலாது. ஆகவே எதிரணியும் நம் சொத்தில் ஒரு பாதி.

நீல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த உற்பத்தியில் மூன்றாவது பங்காளிகள் ரசிகர்கள். எந்த ரயிலில் போவது, யார் சீட்டு வாங்குவது, தோற்றால் எதிரணி நண்பனின் கேலியை எப்படித் தாங்குவது என்றெல்லாம் வாரக்கணக்கில் திட்டமிடும் உழைப்பு அவர்களுடையது. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆனால் அந்த உழைப்புக்கு ஒரு மண் வேண்டும், ஒரு தேதி வேண்டும்.

இதைத் தமிழகம் 2018-இல் கண்கூடாகப் பார்த்தது. காவிரிப் போராட்டச் சூழலில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்கள், ஒன்று மட்டும் முடிந்த நிலையில், புணேவுக்கு மாற்றப்பட்டன. அப்போது அணி நிர்வாகமே ஒரு ரயிலை ஏற்பாடு செய்ய, ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள் மஞ்சள் சட்டையோடு சென்னையிலிருந்து புணேவுக்குப் பயணம் செய்தார்கள். வீட்டை இழந்த அணியைத் தேடி ரசிகர்கள் போனதற்குக் காரணம் அதற்கு முந்தைய பத்தாண்டுகள். சேப்பாக்கத்தில் எத்தனையோ மாலைகள் அவர்களுக்கு நினைவாகச் சேர்ந்திருந்தன. சேமிப்பு இருந்ததால் நெருக்கடிக் காலத்தில் எடுத்துச் செலவழிக்க முடிந்தது. சென்னையின் ரக்பி அணிக்கு அந்தச் சேமிப்பு இன்னும் தொடங்கவே இல்லை.

எதிரணி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1873-இல் ஆங்கிலேயர்கள் கொல்கத்தாவில் ஒரு ரக்பி மன்றம் தொடங்கினார்கள். முதலில் உறுப்பினர் பெருகினர். பிறகு உள்ளூரில் இருந்த படைப்பிரிவு இடம் மாறிச் சென்றது, ஆடுவதற்கு ஆளில்லை. மன்றத்தில் இலவச மதுவும் நிறுத்தப்பட்டது, கூட்டம் கரைந்தது. சில ஆண்டுகளிலேயே மன்றத்தைக் கலைத்தார்கள். வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் யானை அமர்ந்த மூடியும் கொண்ட ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் 'கல்கத்தா கோப்பை' அதுதான். மன்றம் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு நெருங்குகிறது. கோப்பை மட்டும் இன்றும் வாழ்கிறது, அதற்கு இரண்டு நிலையான எதிரிகள் வாய்த்ததால்.

இன்னும் அருகில், இலங்கையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக ரக்பி ஆடி வருகின்றன. ஓர் ஆட்டம் கொழும்பில், ஓர் ஆட்டம் கண்டியில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். இந்த எளிய ஏற்பாட்டுக்குள் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் ஒரு முறை விருந்தினர், ஒரு முறை விருந்தோம்புபவர். கொழும்புக்காரர் மலையேறிப் போக வேண்டும். கண்டிக்காரர் இறங்கி வர வேண்டும். முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கும் இரண்டாம் ஆட்டத்துக்குப் போகக் காரணம் இருக்கிறது. பள்ளி மாணவர் ஆட்டம் ஒன்றுக்கு முதியவர்கள்கூட நாட்காட்டியில் நாள் குறித்து வைக்கிறார்கள் என்றால், அதை விளம்பரம் சாதிக்கவில்லை, முறை சாதித்தது. பழவேற்காட்டுப் பாட்டில் இருப்பதும் அதே முறைதான்.

பாட்டை நான் புனிதப்படுத்தவில்லை. அதில் உரிமை பெற்ற குப்பங்களுக்கும் பட்டினவர் சமூகத்துக்கும்தான் முறை உண்டு. ஏரியை நம்பியிருக்கும் பிற சமூகத்தவர் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்; ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. அதனால் சச்சரவுகளும் நேர்ந்திருக்கின்றன. கூடிப் பேசும் ஏற்பாடு எவ்வளவு நல்லதாயினும், யார் கூடுகிறார்கள் என்ற கேள்வி எப்போதும் மிச்சமிருக்கும். விளையாட்டுக்கும் இது பொருந்தும். புதிய ரக்பி லீக்கின் முதல் பருவம் ஆண்களுக்கு மட்டுமானதாக இருந்தது என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும். ரசிகர் குழுக்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. எதிரூர்க்காரனைக் கேலி செய்வது வேறு. அவன் சாதியையோ மொழியையோ இழுப்பது வேறு. ஆண்டுதோறும் நேரில் சந்தித்துச் சேர்ந்து உண்பவர்களிடம் இந்த எல்லை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. திரைக்குப் பின்னால் மட்டுமே சந்திப்பவர்களிடம் அது எளிதில் உடைகிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, சென்னையின் பெயரில் ஆடும் அணி சென்னையில் ஆட வேண்டும். முழுப் பருவத்தையும் இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு வார இறுதி போதும். பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் தொழில்முறைக் கால்பந்து ஆடும் புல்தரை இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே விரைவு ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இந்த இரண்டு அணிகளுக்கு மட்டுமாவது அங்கே ஓர் ஆட்டம், இங்கே ஓர் ஆட்டம் என்று பிராட்பி கேடய முறையில் தொடங்கலாம். தண்ணீருக்காக நீதிமன்றத்தில் நிற்கும் இரு மாநிலங்களின் இளைஞர்கள் ஒரு பந்துக்காக ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வருவதில் சமூக லாபமும் உண்டு.

இரண்டாவது, தேதி குறிக்கும்போது ரசிகர்களையும் அவர்கள் வாழ்க்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் மாதங்கள் அவை. 2025 லீக் தொடங்கியதோ ஜூன் 15 அன்று. காசிமேட்டுப் படகுகள் கடலுக்குப் புறப்படும் நேரம். மும்பையில் நடந்த போட்டிக்கு அது பொருட்டல்ல. சென்னையில் நடத்துவதாக இருந்தால், இந்த நகரத்தின் வடகோடியில் யார் எப்போது ஓய்வாக இருக்கிறார்கள் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, அரசுக்கு. தமிழகத்தின் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவித் தொகுப்பு வழங்கும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. நல்ல செயல். ஆனால் மட்டையும் பந்தும் கொடுத்தால் மட்டும் விளையாட்டு வளராது. யாரோடு, எங்கே, எப்போது ஆடுவது என்ற ஏற்பாடும் வேண்டும். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகள் திறமையாளரைத் தேர்ந்து மேலே அனுப்புகின்றன. கீழே தங்கிவிடுகிற பெரும்பான்மையினருக்கு, ஊருக்கும் ஊருக்கும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் ஆட்டமே வாழ்க்கை முழுவதற்குமான விளையாட்டு. கடலோர ஒன்றியங்களில் இத்தகைய ஊரிணைகளை அடையாளம் கண்டு, ஒரு சமதளத் திடலும் ஒரு நிலையான தேதியும் உறுதிசெய்வதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

பழவேற்காட்டில் இந்தத் திடல் பிரச்சினை சிறியதல்ல. முகத்துவாரம் மணல் மூடி ஏரியின் வளம் குறைவதும், தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பகுதியில் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் பெருகுவதும் அங்கே அன்றாடப் பேச்சு. இளைஞர்கள் பலர் நிறுவன வேலைகளுக்குப் போகிறார்கள். அப்படிப் போனவரையும் ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு இழுத்து வருவது கோயில் திருவிழாவும் இந்தப் போட்டியும்தான் என்று அந்தத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் சொன்னார். பொருளாதார வளர்ச்சியை அளக்கும் எந்தக் குறியீட்டிலும் இது வராது. ஆனால் அது இல்லாமல் போனால் ஊர் என்ற சொல்லின் பொருள் குறைந்துவிடும்.

நான் புறப்படும்போது தேதி முடிவாகிவிட்டிருந்தது. மதியச் சோறு திடலுக்கு உரிய குப்பத்தின் பொறுப்பு. படகு எதிர்க் குப்பத்தின் பொறுப்பு. அந்த இளைஞர் என்னை வழியனுப்பும்போது, "சென்னை டீம் இங்க ஆடினா சொல்லுங்க சார், ரெண்டு குப்பமும் சேர்ந்தே வர்றோம்" என்றார். கோப்பை வென்ற அணிக்கு இதைவிட நல்ல சந்தை அறிக்கையை எந்த ஆலோசனை நிறுவனமும் எழுதித் தர முடியாது.